முற்றல்

அன்புள்ள ஐயா,
தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செடி, தன் செல்சுவரை இறுகச்செய்யும் லிக்னினை வடிவமைக்கும்போது, அதன் அடிக்கற்களான மூன்று ஆல்கஹால்களில் எதற்குப் பின் எது என்ற வரிசையை எந்த மரபணு முடிவு செய்கிறது? ஆசிரியர் 'தேர்வுக்கு வராது' என்கிறார். லிக்னின் சேர்வதற்குத் தமிழில் கலைச்சொல் உண்டா?
ச.

அன்புள்ள தம்பி,

ஆசிரியரை விடுங்கள், பாவம். கலைச்சொல் கேட்டீர்களே, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. எங்கள் அப்பா அரைக்கிலோ வெண்டைக்காய் வாங்க ஐம்பது காயின் நுனியை ஒடிப்பார். "ஒடிக்காதீங்க சார், பார்த்து எடுங்க" என்று கடைக்கார அம்மா கத்துவார், நான் கூசிப்போய்த் தள்ளி நிற்பேன். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து நார் இழுத்தால் முற்றல், அந்த நாரை இறுக வைப்பது உங்கள் லிக்னின்தான். வீட்டில் தினமும் புழங்கும் சொல்லை வைத்துக்கொண்டு எதற்குக் கலைச்சொல் தேடுகிறீர்கள்?

பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து முதலில் அம்மோனியா கழன்றுவிடும். பிறகு படிப்படியாகக் கூமரில், கொனிஃபெரில், சினாப்பில் என்று அந்த மூன்று ஆல்கஹால்கள். இதுவரை படிக்கு ஒரு நொதி, கறாரான வேலை. அப்புறம் இவை செல்சுவருக்குப் போகும். அங்கே லாக்கேஸ், பெராக்சிடேஸ் என்ற நொதிகள் ஆளுக்கொரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, துணையிழந்த எலக்ட்ரானோடு நிற்கும் துண்டுகள் அகப்பட்டதோடு ஒட்டிக்கொள்ளும். வரிசையா? கிடையாது. புரதத்தில் மரபணு சொன்ன வரிசை, செல்லுலோஸில் ஒவ்வொரு கண்ணியையும் கோக்க நொதி. லிக்னினில் அப்படி யாருமில்லை தம்பி, யாருமே இல்லை. எந்த ஆல்கஹாலை எவ்வளவு, எப்போது அனுப்புவது என்பது மட்டும்தான் செடியின் கையில்: பைன் மரத்தில் பெரும்பாலும் கொனிஃபெரில், தேக்கில் சினாப்பிலும் சேரும். கண்ணாடி பிம்பம்போல் இரண்டு வடிவம் இருக்கக்கூடிய சர்க்கரையை இடக்கை வலக்கை பார்த்து ஒன்றாக மட்டும் செய்யும் அதே செடி இங்கே அதைக்கூடப் பார்ப்பதில்லை, அதனால்தான் சர்க்கரையைப் போல் லிக்னின் ஒளியை எந்தப் பக்கமும் திருப்பாது. 1997இல் ஃபோர்சித்தியா செடியில், இரண்டு கொனிஃபெரில்களைக் குறிப்பிட்ட விதமாக ஒட்டவைக்கும் புரதம் கிடைத்ததும், லிக்னினுக்கும் அப்படியொரு மேஸ்திரி இருப்பார் என்று சிலர் வாதாடினார்கள். பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை, நானும்தான். 'வடிவமைக்கும்போது' என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லை முதலில் அடியுங்கள். எதைப் பார்த்தாலும் பின்னால் ஒருவர் வரைபடத்தோடு நிற்பதாக நினைத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி, இந்த வயதிலேயே உங்களுக்கு வேண்டாம்.

அப்பா கிளம்பும்போது வளைந்த காயிலும் நாலைந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். அந்த அம்மா கத்தியதற்குச் சமாதானம். சாம்பாரில் கிடந்த அந்த நாரைப் பல்லிடுக்கிலிருந்து இழுத்து எடுத்தவன் நான்தான்.

அன்புடன்.