பழைய சி++ நிரல் சி++17-க்கு ஒத்துவருமா என்று எப்படிப் பார்ப்பது?

2005 வாக்கில் எழுதிய சி++98 (அந்த மொழியின் 1998 தரநிலை) நிரல் சி++17-ல் (2017 தரநிலை) ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எதையும் திருத்தாதீர்கள். இப்போதைய கம்பைலரிலேயே எல்லா எச்சரிக்கைகளையும் போட்டு ஒருமுறை பில்ட் செய்து வெளியீட்டைச் சேமித்து வையுங்கள், அப்புறம் ஸ்டாண்டர்டை (தரநிலையை) மட்டும் 17 ஆக்கி மறுபடி பில்ட் செய்தால் புதிதாக வரும் பிழைகளையும் எச்சரிக்கைகளையும் சரிசெய்வதுதான் உங்கள் வேலை.

பெரும்பாலும் மாட்டுவது ஆட்டோ_பிடிஆர் (auto_ptr), அதாவது நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் பழைய சுட்டி வகை. சி++11-ல் ஓரங்கட்டியதை 17-ல் நீக்கியே விட்டார்கள். ஜிசிசி (GCC) கம்பைலரில் பில்ட் ஆகிவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அது பழைய நிரல்களுக்காக ஆட்டோ_பிடிஆரை இன்னும் வைத்திருக்கிறது, எச்சரிக்கை மட்டும் தரும். மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ கம்பைலரில் 17 போட்டால் அதே வரி பிழையாகி நிற்கும். அதனால் இரண்டு கம்பைலரில் பாருங்கள்.

அதற்குப் பதிலாக வந்த யூனிக்_பிடிஆர் (unique_ptr) என்று பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஆட்டோவில் 'அ'-வை 'ஆ'-வுக்கு நகலெடுத்தால் 'அ' சத்தமில்லாமல் காலியாகிவிடும். யூனிக்கோ அந்த வரியை ஏற்கவே ஏற்காது, சுட்டியின் உரிமையைக் கைமாற்றும் மூவ் (std::move) என்று வெளிப்படையாக எழுதணும். எரிச்சல்தான், ஆனால் இத்தனை வருடம் ஒளிந்திருந்த பிழைகள் இங்கேதான் சிக்கும்.

17-ல் நீக்கப்பட்ட ரெஜிஸ்டர் (register) என்ற சொல்லை அழித்துவிடலாம். வரிசையைக் கலைத்துப்போடும் ரேண்டம்_ஷஃபிள் (random_shuffle) இருந்த இடத்தில் ஷஃபிள் (shuffle), கூடவே சமவாய்ப்பு எண்களைத் தரும் ஒரு ரேண்டம் எஞ்சின்.