காரைப் பழுது பாருங்கள், நகையைத் திருப்புங்கள்

கேள்வி: திண்டுக்கல்லில் தனியார் நிறுவனத்தில் வேலை. சம்பளம் ரூ.52,000. என் கார் 2013 மாடல், பெட்ரோல், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘டக் டக்’ என்று அடிக்கிறது. முன் ஷாக் அப்சார்பர்கள், லோயர் ஆர்ம்கள், லிங்க் ராடு எல்லாம் மாற்ற ரூ.26,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். பழைய வண்டிக்கு இவ்வளவு செலவு வீண், முன்பணம் கட்டாமலே ரூ.7 லட்சம் கடனில் புதிய கார் எடுக்கலாம் என்கிறார் மைத்துனர். அவருடைய கடைக்காக என் மனைவியின் நகையை வங்கியில் வைத்து ரூ.3 லட்சம் வாங்கிக் கொடுத்தோம். மூன்று ஆண்டுகளாக நான்தான் வட்டி கட்டிப் புதுப்பிக்கிறேன். கையிருப்பு ரூ.60,000. என்ன செய்யலாம்?

பதில்: காரைப் பழுது பாருங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ரூ.7 லட்சத்தை ஒன்பதரை சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் ரூ.11,400. கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் ரூ.2.6 லட்சம் போயிருக்கும். பழுதுச் செலவு ரூ.26,000 மூன்று ஆண்டுக்குத் தாங்கினால்கூட மாதம் ரூ.720தான். முன்பணம் இல்லாக் கடன் என்பது பல ஷோரூம்களில் ஓடும் விளம்பரம். கார் வெளியே வந்த நாளிலேயே அதன் விலை கடனுக்குக் கீழே இறங்கிவிடும். நடுவில் விற்க நேர்ந்தால் கையிலிருந்து பணம் போட்டுத்தான் கடனை அடைக்க வேண்டியிருக்கும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வேலையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் நுனியில் இருக்கும் பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டு ஆடத் தொடங்கினால் அது சத்தத்தோடு நிற்காது. கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். முன் டயர்களின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் கோடுகள் நன்றாக இருந்து உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால், சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களைத் தாங்கிக் குலுக்கலை உள்வாங்கும் இந்தப் பாகங்கள், உங்கள் டயர் காசையும் தின்றுகொண்டிருக்கிறது. ஷாக் அப்சார்பரை இடது, வலது இரண்டும் சேர்த்தே மாற்றுங்கள். பின்பக்க ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவு இல்லையென்றால் அவற்றைத் தொட வேண்டாம். வேலை முடிந்ததும் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் அவசியம். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது அடிப்பகுதியை நீங்களே நேரில் பாருங்கள். சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் தகடு துருப்பிடித்து உதிர்ந்தால் பணம் போடாதீர்கள். இல்லையென்றால் வண்டிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. பதிவு 15 ஆண்டுக்கு, அதாவது 2028 வரை செல்லும். பிறகு ஆய்வில் தேறினால் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். டெல்லி வட்டாரத்தில் பழைய வண்டிகளை ஓட்டுவதற்கான வயது வரம்பைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால், அது இங்கே கிடையாது.

இனி, என்னை வருத்திய விஷயத்துக்கு வருகிறேன். ரூ.3 லட்சத்துக்கு ஒன்பதரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு ரூ.28,500. இந்தப் பழுதுச் செலவை விட அதிகம்! மூன்று ஆண்டுகளில் சுமார் ரூ.85,000 கட்டியும் அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கவுன்டரில் வட்டியைக் கட்டுகிறீர்கள், பழைய கணக்கை முடித்துப் புதுக் கணக்கு எழுதுகிறார்கள், அதே சங்கிலி அதே உறைக்குள் திரும்பப் போகிறது. கார் செலவு உங்களுக்கு மலையாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். இந்த நிலையில் மாதம் ரூ.11,400 தவணைக்கு யோசனை சொல்பவர், முதலில் தன் வட்டியைக் கட்டட்டும்.

கையிருப்பிலிருந்து ரூ.26,000 எடுத்து வண்டியைச் சரிசெய்யுங்கள். அதற்குக் கார்டில் தவணை போட வேண்டாம். அடுத்த புதுப்பிப்புக்கு முன், மனைவியுடன் பேசிவிட்டு, இருவருமாகச் சேர்ந்தே மைத்துனரிடம் சொல்லுங்கள்: இனி வட்டி அவருடையது, அசலுக்கு மாதம் குறைந்தது ரூ.5,000 உங்கள் மனைவியின் கணக்கில் போட வேண்டும். தனியாக நீங்கள் போய்க் கேட்டால் அது குடும்பச் சண்டையாகிவிடும். அவர் தர மறுத்தால், புதிய காருக்குக் கட்டத் துணிந்த தொகையில் பாதியையாவது நீங்களே அசலில் கட்டுங்கள். புதுப்பிக்கும் நாளில் நகையை ஒரே கணக்கில் வைக்காமல், சிறியதும் பெரியதுமாக இரண்டு கணக்காகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். சிறிய கணக்கு ரூ.60,000 என்றால், மைத்துனரின் ரூ.5,000 தவறாமல் வந்தாலே ஓராண்டில் அந்த நகை வீட்டுக்கு வந்துவிடும்.