அளவீட்டுப் பிரிவில் வேலை: மகள் சேரலாமா?

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியல் முடித்த தங்கள் மகளுக்கு மென்பொருள் நிறுவனத்தின் அளவீட்டுப் பிரிவில், அதாவது மென்பொருள் வேலைக்கு ஆகும் நேரம், அதில் நேரும் பிழை போன்றவற்றை எண்களாகத் திரட்டி ஆராயும் பிரிவில், பணியாணை வந்திருப்பதைக் குறிப்பிட்டு, எக்செல் நிரப்புவதற்கா நான்கு ஆண்டுகள் படித்தாள் என்று வருந்தியிருக்கிறீர்கள். சில அலுவலகங்களில் அந்த வேலை அவ்வளவுதான் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பதவியின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், அங்கே திரட்டப்படும் எண்களைக் கொண்டு யார் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் நாசாவின் காடர்ட் மையம், ஒரு பல்கலைக்கழகத்துடனும் ஒரு தனியார் நிறுவனத்துடனும் சேர்ந்து 1976இல் தொடங்கிய மென்பொருள் பொறியியல் ஆய்வகம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. செயற்கைக்கோள் பணிகளுக்கு நிரல் எழுதியவர்கள், எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது, எந்தப் பிழை எதனால் நேர்ந்தது என்பவற்றைப் படிவங்களில் பதிந்து தந்தார்கள். தனிக்குழு ஒன்று அவற்றை ஆராய்ந்து, அடுத்த திட்டத்தின் கால மதிப்பீட்டையும் வேலைமுறையையும் திருத்த உதவியது. அங்கே முக்கியப் பங்காற்றிய விக்டர் பசிலியின் முறைப்படி, முதலில் நோக்கம், அடுத்து கேள்வி, கடைசியில்தான் அளவீடு. வாடிக்கையாளர் புகாரைக் குறைப்பது நோக்கமானால், பிழைகள் எந்தக் கட்டத்தில் நுழைகின்றன, டெஸ்டிங்கில் ஏன் தப்பிவிடுகின்றன என்று கேட்ட பிறகே, ஆயிரம் வரிக்கு எத்தனை பிழை என்ற கணக்குக்குப் பொருள் பிறக்கிறது.

இந்த வரிசை தலைகீழானால் கெடுதலே மிஞ்சும். யார் நிரலில் எத்தனை பிழை என்று பட்டியலிட்டு அப்ரைசலில் கை வைத்தால், மறு மாதமே பிழைகள், அவற்றைப் பதிந்துவைக்கும் ஜிரா மென்பொருளில் ஏறாமல் வாய்மொழியாகவே சரிசெய்யப்படும். வரைபடம் அழகாக இறங்கும், மேலாளரும் மகிழ்வார், வெளியீட்டுக்குப் பின் வரும் புகார்கள் மட்டும் குறைவதில்லை.

ஆகவே, அந்தப் பிரிவின் மேலாளருடன் அரை மணி நேரம் பேச மனிதவளத் துறையிடம் அனுமதி கேட்கும்படி மகளிடம் சொல்லுங்கள். கடந்த காலாண்டில் இந்த எண்களால் மாறிய முடிவு ஒன்றைச் சொல்ல முடியுமா, தனிநபர் மதிப்பீட்டுக்கு இவை பயன்படுகின்றனவா, திட்டக்குழுக் கூட்டங்களில் தனக்கு இடம் உண்டா என்று மேலாளரிடம் மகள் கேட்கட்டும். முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால் தயங்காமல் சேரலாம். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்கியூஎல் மொழியும் புள்ளியியலும் அங்கே அன்றாடம் தேவைப்படும். அதே வேளையில் நிரல் எழுதும் பழக்கத்தை அவர் விட்டுவிடக் கூடாது. பின்னாளில் டெவலப்மென்ட் குழுவுக்கு மாற விரும்பினால், நேர்முகத் தேர்வில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.