மாடிப்படி காரணமில்லை, சகோதரி

ஐவிஎஃப் எனும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில், ரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் அளவு நல்லபடியாக வந்து, ஆறாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது, மாடி ஏறியதால்தான் என்று மாமியார் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் பாதிக்காவது குரோமோசோம் கோளாறே காரணம். மாடிப்படி அதை உண்டாக்காது. இதை உங்கள் கணவரே அவரிடம் சொல்லட்டும்.

எனக்கும் இரண்டாவது முறை இப்படித்தான் ஆனது. "இன்னும் உருவமே இல்லையே" என்று ஆறுதல் சொன்னவர்களிடம் பேசவே பிடிக்கவில்லை. அந்த ஸ்கேன் தாள் இன்னும் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அழ வேண்டும்போல் இருந்தால் அழுங்கள்.

எச்சிஜி முழுதும் இறங்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள். ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி, மயக்கம், மணிக்கு ஒரு நாப்கின் நனையும் உதிரப்போக்கு என்றால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஐவிஎஃப்பில் உருவாக்கி உறைய வைத்திருக்கும் உங்கள் இரண்டு கருக்களைக் கருப்பையில் வைக்க அவசரமில்லை.