அறிவியலின் பகுத்தறிவு விளக்கத்துக்கும் மதம் தரும் இயற்கைக்கு அப்பாற்பட்ட விளக்கத்துக்கும் என்ன வேறுபாடு?

கண்ணுக்குப் புலப்படுவதை அறிவியல் ஏற்கிறது, புலப்படாததை மதம் ஏற்கிறது என்றே பெரும்பாலும் பதில் சொல்லப்படுகிறது. இதை நான் ஏற்கவில்லை. புலப்படாதவற்றைக் காரணமாகக் கொள்வதில் அறிவியலும் சளைத்ததல்ல.

யுரேனஸ் கோள், நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி கணித்த பாதையிலிருந்து சற்றே விலகிச் சென்றது. அதற்கு அப்பால் யாரும் கண்டிராத ஒரு கோள் அதை இழுக்கிறது என்று கொண்டு, அக்கோள் வானில் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்கிட்டு அனுப்பினார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லின் வானாய்வகத்தில் காலே என்ற வானியலாளர் தேடியபோது, குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது. புதன் கோளின் பாதையிலும் பிசகு இருந்ததால், அதற்கும் சூரியனுக்கும் இடையே இன்னொரு கோள் இருக்கக்கூடும் என்று லெவெரியே பின்னர் கூறினார். வல்கன் என்று பெயரெல்லாம் சூட்டித் தேடியும் அது கிடைக்கவில்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அளவேயான புதனின் அந்தப் பிசகுக்கு, 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்புக் கோட்பாட்டையே மாற்றி அமைத்த பிறகுதான் விடை கிடைத்தது.

வல்கன் தோற்றுப்போன விளக்கம்தான். ஆனாலும் அது பகுத்தறிவு விளக்கமே, ஏனெனில் எங்கே பார்த்தால் அது பொய்த்துப்போகும் என்பதை அதுவே சொல்லியிருந்தது. மாறாக, ஒரு தெய்வ ஆற்றல் புதனை நகர்த்துகிறது என்று சொல்லியிருந்தால், கோள் எந்தப் பக்கம் விலகினாலும், விலகாமலே போனாலும், அந்த விளக்கம் பொருந்தியிருக்கும். அடுத்து எதைத் தேடுவது என்பதற்கு மட்டும் அதில் வழி இருந்திருக்காது.

இந்த வேறுபாட்டை விஞ்ஞானி, மதநம்பிக்கையாளர் என்று ஆள்பார்த்துப் பிரிக்கவும் முடியாது. கோள்களின் ஒழுங்கு நாளடைவில் குலையும், அதைக் கடவுள் சீர்செய்ய வேண்டிவரும் என்று கருதியவர் நியூட்டனேதான். (வியாழன், சனி ஆகியவற்றின் பாதைப் பிசகு கூடியும் குறைந்தும் தானாகவே மீள்வது என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் பின்னர் காட்டினார்.) பேரண்டம் விரிவடைகிறது என்று 1927-இல் எழுதிய பெல்ஜிய வானியலாளர் லெமெத்ர், கத்தோலிக்கக் குரு, ஆயினும் தம் கோட்பாட்டை மதப் படைப்புக் கொள்கைக்குச் சான்றாக்குவதை அவர் விரும்பவில்லை.

எப்படி வாழ்வது, இழப்பை எப்படித் தாங்குவது என்று மதம் பேசும்போது இந்த அளவுகோலைக் கொண்டு அதை அளக்க எனக்கு நியாயம் தெரியவில்லை. நோய்க்கும் நிலநடுக்கத்துக்கும் அது காரணம் கற்பிக்கும்போது மட்டும், வல்கனுக்கு வைத்த அதே சோதனையை அதற்கும் வைக்கலாம்.