குழாயைத் தொட்டால் ஷாக் அடிப்பது ஏன்?

கேள்வி: குளியலறைக் குழாயைத் திறக்கும்போது விரல் நுனியில் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. செருப்பு அணிந்திருந்தால் தெரிவதில்லை. பிளம்பர் குழாயை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. வாட்டர் ஹீட்டரின் சுவிட்சை அணைத்த பிறகும் குழாயில் வைத்த டெஸ்டர் மங்கலாக எரிகிறது. பழுது எங்கே இருக்கும்?

பதில்: பழுது பார்த்து முடியும்வரை அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாதீர்கள், செருப்பை நம்ப வேண்டாம். குழாய்மீது குற்றமில்லை. பெரும்பாலும் இரண்டு பழுதுகள் சேர்ந்தால்தான் இப்படி நேரும்: எங்கோ மின்சாரம் கசிகிறது, அதை மண்ணில் இறக்க வேண்டிய எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

முதல் சந்தேகம் ஹீட்டர்மீதுதான். காயிலை மூடியிருக்கும் உலோகக் குழல் உப்புநீரில் அரித்து ஓட்டை விழுந்தால், மின்சாரம் தண்ணீருக்கும் தொட்டிக்கும் வந்துவிடும். அணைத்த பிறகும் எப்படி என்கிறீர்களா? ஒற்றைச் சுவிட்ச் ஒரு வயரை மட்டுமே துண்டிக்கும். அதைத் தவறுதலாக நியூட்ரலில் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயரில்) பொருத்தியிருந்தால், ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) எப்போதும் காயிலிலேயே நிற்கும். பிளாஸ்டிக் குழாய் போட்டால் தீர்ந்துவிடும் என்பதும் சரியல்ல, உள்ளே ஓடும் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்தும்.

டெஸ்டர் மிகச் சிறிய மின்னோட்டத்திலும் எரியும் என்பதால் அதன் வெளிச்சத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர், நல்ல எர்த்துக்கும் குழாய்க்கும் இடையே மல்ட்டிமீட்டரால் அளக்கட்டும். மெயினை அணைத்த பிறகும் வோல்டேஜ் இருந்தால் கசிவு உங்கள் வீட்டு மெயினுக்கு வெளியே இருந்து வருகிறது. உடனே மின் விநியோக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மெயினோடு அதுவும் மறைந்தால், சர்க்யூட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஹீட்டரின் வயர்களைக் கழற்றி 500 வோல்ட் மெகரால் (மின்காப்பு எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று அளக்கும் கருவி) சோதிக்கும்போது அளவு 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அதை மீண்டும் இணைக்க வேண்டாம். ஈரச் சுவருக்குள் போகும் பழைய வயரிங்கையும் இதே முறையில் சோதிக்க வேண்டும்.

அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் மட்டுமே தானாக அணையும் 16 ஆம்பியர் எம்.சி.பி. இதில் காப்பாற்றாது, ஏனெனில் உயிரைப் பறிக்க 0.1 ஆம்பியரே தாராளம். சிறு கசிவு ஏற்பட்டாலும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம், ஆனால் அது எர்த்துக்கு மாற்று அல்ல.

சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் சிறு வயரால் இணைத்து, எர்த் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள். இது எனக்குக் கோபமூட்டும் குறுக்குவழி: நியூட்ரல் அறுந்த நொடியில் ஹீட்டரின் உடல் முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும். உங்கள் ஹீட்டர் சாக்கெட்டைக் கழற்றி, அப்படி ஒரு வயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.