டெல்லி போகிறீர்களா? டிகிரியை விடுங்கள், மூடுபனியைப் பாருங்கள்

கேள்வி: ஜனவரி இரண்டாம் வாரம் அப்பா, அம்மாவோடு கோவையிலிருந்து டெல்லி, ஆக்ரா போகிறோம். போன் ஆப்பில் '8 டிகிரி, வெயில்' என்கிறது, செய்தியில் 'ஆரஞ்சு அலர்ட்' என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். அந்த 8 விடியற்காலைக் குளிர், ஆரஞ்சு பெரும்பாலும் மூடுபனிக்கு. குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது, மூடுபனிக்கு என்ன செய்வீர்கள்?

வானிலை மையம் 'அடர்ந்த மூடுபனி' என்றால் 200 மீட்டருக்கு அப்பால் தெரியாது, 'மிக அடர்ந்த' என்றால் 50 மீட்டர்கூடத் தெரியாது, அதாவது ரெண்டு ரயில் பெட்டி நீளம். ஆக்ரா ஸ்டேஷனில் ஒரு ஜனவரி காலை ஆறு மணிக்கு நின்றிருக்கிறேன். ஹாரன் காதைப் பிளக்கிறது, ரயிலைக் காணோம், கிட்டே வந்த பிறகுதான் மஞ்சளாக ஒரு விளக்கு.

இதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மத்திய தரைக்கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' என்ற மழை மேகக் கூட்டம் இமயமலையில் பனியையும் பஞ்சாப், ஹரியானா, டெல்லியில் மழையையும் கொட்டிவிட்டுப் போகும். அது தலைக்கு மேல் இருக்கும்வரை மேகம் போர்வை மாதிரி, ராத்திரி அவ்வளவு குளிராது. அது நகர்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கினால் ஈரத் தரை ராத்திரியில் வேகமாகக் குளிர்ந்து மூடுபனி கட்டிவிடும். ஆக, மழை பெய்து ஓய்ந்த மறுநாளிலிருந்துதான் உஷாராக இருக்க வேண்டும்.

குளிர் எவ்வளவு என்பதை நாலைந்து நாள் முன்பே ஓரளவு நம்பலாம். மூடுபனியை அப்படி நம்ப முடியாது, காற்று கொஞ்சம் வீசினாலே கணக்கு மாறிவிடும். முந்தின நாள் சாயங்கால அறிவிப்பையும், கிளம்பும் முன் மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பையும் பாருங்கள்.

தேதியை மாற்ற வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். விமானம் என்றால் மதியத்துக்கு மேல். டெல்லி-ஆக்ரா வழியிலுள்ள யமுனா விரைவுச்சாலையில் விடியலில் கார் வேண்டவே வேண்டாம், பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். ரயில் என்றால் அதே நாளில் இன்னொரு டிக்கெட்டைக் கோர்த்து வைக்காதீர்கள், ஐந்தாறு மணி நேரத் தாமதமெல்லாம் அங்கே சாதாரணம்.

அப்புறம், மூடுபனி விலகாத நாளில் பகலிலும் 15 டிகிரியைத் தாண்டாமல் போகலாம், அப்பாவின் மங்கி குல்லாவை ரூமில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தாஜ்மஹாலுக்கு சூரிய உதயம் பார்க்கப் போனால் மூடுபனியின் வெள்ளைச் சுவர்தான் தெரியும், பதினொரு மணிக்கு மேல் போங்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, அதற்கும் மூடுபனிக்கும் சம்பந்தமில்லை.